கூட்டி வைத்த சத்தம்

பத்து வரை எண்ணினால் போதும் என்றுதான் சொல்லியிருந்தார். டிஸ்பென்சரி நர்ஸ் பிலோமி சிஸ்டர் பதினாறைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். நிறுத்தச் சொல்ல வேண்டியவர் சென்னியப்பன். அவரோ ரிசீவரை இடது காதில் அழுத்திப் பிடித்தபடி, ஒவ்வொரு எண்ணும் எங்கோ ஒரு மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கி மறைவது மாதிரித் தேய்ந்து வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பதினேழுக்குப் பிறகு பதினெட்டு என்று முன்பே தெரிந்திருப்பதால்தான் பதினெட்டு கேட்கிறதோ என்று ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்பு பிடிக்காமல், "போதுங்க சிஸ்டர், போதும்" என்றார். "சத்தம் ரொம்பக் கம்மியா வருதுங்க. கேபிள் தூரமுங்கல்ல. இன்னுங் கொஞ்சம் கூட்டி வெச்சுட்டுத் திரும்பக் கூப்புடறேன்." அந்தப் பக்கம் அவள் ஏதோ சொன்னாள். பிடிபடவில்லை. "சரிங்க, சரிங்க" என்று வைத்துவிட்டார். சரிங்க என்பது எதற்கும் பொருந்துகிற பதில். கொஞ்ச காலமாக அவர் அதைத்தான் அதிகம் சொல்லிக்கொண்டிருந்தார், கடைக்காரரிடம், பஸ் கண்டக்டரிடம், வீட்டுக்கு வந்து ரேஷன் கார்டு பற்றி ஏதோ கேட்டுவிட்டுப் போன பெண்ணிடம். யாரும் இதுவரை முகம் சுளித்ததில்லை. உலகம் பெரும்பாலும் சரிங்க என்ற பதிலை எதிர்பார்த்துத்தான் வாய் திறக்கிறது.

வால்பாறைக்கும் மேலே, தேயிலை எஸ்டேட் ஆபீசின் பின்னறை அது. முன்பு இங்கே அலமாரி உயரத்துக்கு ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் நின்றிருந்தது. போன மாதம் சென்னியப்பன்தான் வந்து அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு இன்டர்நெட் போன் பெட்டியை மாட்டினார். பெட்டிக்கு முதுகில் கம்பி செருக எட்டு போர்ட். எட்டு போர்ட்டிலிருந்தும் பழைய செம்புக் கம்பிகளே கிளம்பி, மண்ணுக்குள்ளும் மரத்தின் மேலுமாகப் போய், ஃபேக்டரி, செக்போஸ்ட், பிள்ளைக் காப்பகம், மேனேஜர் பங்களா என்று அதே பழைய போன்களில் முடிந்தன. செல்போன் எடுக்காத சரிவு. அந்த எட்டு போனை விட்டால் ஒருவரை ஒருவர் கூப்பிட வேறு வழி கிடையாது. ஐந்தாவது போர்ட் டிஸ்பென்சரி, இரண்டரைக் கிலோமீட்டர் கீழே, இருப்பதிலேயே நீளமான கம்பி. அதற்குத்தான் புகார். புகார் என்னவென்று ஆபீஸ் கிளார்க் தங்கதுரை காலையில் சொன்னார். "போன்ல கொஞ்சம் பிரச்சினை, சத்தம்" என்பது வரை கேட்டது, அதற்குள் மழை தகரத்தில் இறங்கிவிட்டது, மிச்சத்தைச் சென்னியப்பன் தானே நிரப்பிக்கொண்டார். தூரக் கம்பியில் சத்தம் கம்மியாகத்தான் இருக்கும். முப்பது வருஷ அனுபவத்துக்கு இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மடிக்கணினியில் ஐந்தாம் போர்ட்டின் பக்கத்தைத் திறந்தார். பேசுகிற சத்தத்துக்கு ஒரு கட்டம், கேட்கிற சத்தத்துக்கு ஒரு கட்டம். இரண்டிலும் கூட்டல் ஐந்து டெசிபல், போன மாதம் அவரே போட்டது. அடித்துவிட்டு ஏழு ஆக்கினார். சேமித்தால் பெட்டி ஒரு தடவை அணைந்து எழும். இரண்டு நிமிஷம். எட்டுப் பச்சை விளக்கும் போய், ஒவ்வொன்றாகக் கண் விழிக்கும்வரை எஸ்டேட் முழுக்க யாரும் யாரோடும் பேச முடியாது.

அந்த இரண்டு நிமிஷம் அவருக்குப் பழக்கமானது. ஊர் ஊராக இந்தப் பெட்டிகளின் எதிரே உட்கார்ந்து விளக்குக்குக் காத்திருந்ததை எல்லாம் சேர்த்தால் ஒரு வருஷமாவது வரும். காது அடைத்திருந்தது. மலை ஏறினால் அடைக்கும், நாற்பது கொண்டை ஊசி வளைவு, சின்ன வயசில் எச்சிலை விழுங்கச் சொல்வார்கள். விழுங்கினார். திறக்கவில்லை. போன மாதம் வந்தபோதும் அடைத்திருந்தது. ஆனால் போன மாதம் இறங்கிப் பொள்ளாச்சி போன பிறகு திறந்ததா? திறந்த ஞாபகம் இல்லை. வீட்டில் எது கேட்க இருக்கிறது, திறந்ததா இல்லையா என்று பார்க்க. மரகதம் பெங்களூர் போய் எட்டு மாதமாகிறது. மகள் யமுனாவுக்குப் பிரசவம் பார்க்கப் போனவள், யமுனா வேலைக்குத் திரும்பியதும் குழந்தையைப் பார்க்கத் தங்கிவிட்டாள். வீட்டில் சென்னியப்பன், ஒரு குக்கர், ஒரு டிவி. பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் காம்பவுண்டுக்கு மேலே தலையை நீட்டி, "உங்க நியூஸ் எங்களுக்கும் நல்லாக் கேக்குதுங்க" என்று சிரித்தார். எட்டு மாதத்தில் அந்தச் சுவருக்கு மேலே வந்த ஒரே சிரிப்பு. அதை நட்பு என்று எடுத்துக்கொண்டு, மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரருக்கு எதற்கென்று புரியவில்லை, வாங்கிக்கொண்டார். ஏன் இப்போது அது ஞாபகம் வருகிறது? ஏழாவது விளக்கு எரிந்தது. எட்டாவதும்.

ஆபீஸ் போனிலிருந்து மறுபடி டிஸ்பென்சரியைக் கூப்பிட்டார். "சிஸ்டர், இப்ப எண்ணுங்க." ஒண்ணு, ரெண்டு, என்று ஆரம்பித்தாள். அதே மேடு, அதே இறக்கம். ஏழு ஆக்கியும் இவ்வளவுதானா, கம்பி எங்கேயோ நனைந்திருக்கிறது, ஜாயிண்டைத் தேடிக்கொண்டு இந்த மழையில் அட்டைக் கடிக்கு நடுவே இரண்டரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. பெட்டி பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது, அறைதான் இருண்டது. கம்பிகளில் கட்டியிருந்த சீட்டுகளில் எது ஐந்து என்று பார்க்க டார்ச்சை எடுத்து இடது கையில் பிடித்தார். வலது கையால் கம்பிக் கற்றையை விலக்க வேண்டும். ரிசீவரை என்ன செய்வது? வலது தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார். முப்பது வருஷத்தில் அந்தப் பக்கம் ரிசீவர் போனதே இல்லை. எழுதவும் திருகவும் வலது கை வேண்டும், ஆகவே போன் எப்போதும் இடது. இடுக்கிய உடனே யாரோ முகத்துக்கு நேரே கத்தினார்கள். "ஏழு! எட்டு! சார், நா சொல்றது கேக்குதா? சத்தம் அதிகம் சார்! நானும் காலைலருந்து அதைத்தான் சொல்லிட்டிருக்கேன், ஐயோ, என் குரலே எனக்குத் திரும்பி வருது சார்!" சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். அறையில் யாரும் இல்லை. டார்ச் கீழே விழுந்து மேசைக்கு அடியில் உருண்டது. அவர் ரிசீவரைக் கையில் எடுத்து இடது காதில் வைத்தார். மேட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ போய்க்கொண்டிருந்தார்கள். வலது காதில் வைத்தார். "சார்! இருக்கீங்களா?" இடது. ஒன்றுமில்லை போல ஒன்று. வலது. "சார்!" நாலைந்து தடவை மாற்றி மாற்றி வைத்துவிட்டு, "ஒரு நிமிஷமுங்க சிஸ்டர், கரண்ட் போயிருச்சு" என்று சொல்லி ரிசீவரை மேசை மேல் வைத்தார், இணைப்பைத் துண்டிக்கவில்லை. வைத்த இடத்திலிருந்து குரல் அறை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அவருக்கே கேட்டது.

முதலில் வந்தது பயம் கூட இல்லை, வெட்கம். தங்கதுரை காலையில் சொன்னது "சத்தம் கம்மி" இல்லை. "சத்தம் அதிகம்." போன மாதம் ஃபேக்டரி ஆள் ரிசீவரைக் காதுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பேசியதைப் பார்த்து, இந்த மலைக்காரர்களுக்குப் போன் பிடிக்கவே தெரியவில்லை என்று நினைத்துச் சிரித்தது ஞாபகம் வந்தது. எட்டு போர்ட்டையும் அவர் தன் இடது காதுக்குச் சௌகரியமாக வைத்துவிட்டு இறங்கியிருக்கிறார். இங்கே மட்டுமா? ஆடி மாசம் கிணத்துக்கடவில் ஒரு மில். அதற்கு முன்னால் ஒரு கல்யாண மண்டபம், இருபத்திரண்டு அறை லாட்ஜ், அந்த லாட்ஜ் மேனேஜர் கூட "ரூம்ல தூங்கறவங்க பயந்து எந்திரிக்கறாங்க" என்று சொல்லி அனுப்பினார், அதற்கு இவர் மணியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்தார், மணியின் சத்தத்தை! எத்தனை பேர் காதில் கத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு வருஷமா, இரண்டா, எப்போது ஆரம்பித்தது? ஒரு விளக்கு அணைந்தால் தெரியும். இது அணைந்ததில்லை, யாரோ தினமும் ஒரு துளி குறைத்திருக்கிறார்கள், அவர் தினமும் ஒரு துளி கூட்டியிருக்கிறார், இரண்டும் சரியாகிப்போனது. கோயம்புத்தூரில் அவர் வேலை பார்க்கும் கம்பெனியின் முதலாளிக்கு முப்பத்தொரு வயசு. போன் வேலைக்குக் காது கேட்காத ஆள் எதற்கு என்று கேட்டால் அதில் தப்பில்லை. அதற்கும் கீழே இன்னொன்று கிடந்தது, அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் தொட்டுவிட்டார். மரகதம் இப்போதெல்லாம் மெதுவாகத்தான் பேசுகிறாள் என்று நினைத்திருந்தாரே. மருமகன் வீட்டில் இருக்கிறாள், குழந்தை தூங்கும், அதனால் தணிந்து பேசுகிறாள் என்று முதலில். பிறகு, பேச ஒன்றுமில்லை, முப்பது வருஷத்தில் பேசி முடித்தாயிற்று, அதனால் குரலில் பலமில்லை என்று. அதற்காக அவளை உள்ளுக்குள் கொஞ்சம் வெறுக்கவும் ஆரம்பித்திருந்தார். சாப்டீங்ளா, சாப்பிட்டேன், கொழந்த நல்லாருக்கா, நல்லாருக்கா. போன மாதம் ஒருநாள் அவள் நீளமாக ஏதோ சொல்லி, கடைசியில் "ட்டுமா" என்று நிறுத்தினாள். கேள்வி என்று மட்டும் தெரிந்தது. என்ன? இரண்டாவது தடவை கேட்டால் எரிச்சல்படுவாள், "கவனமே இல்ல உங்களுக்கு" என்பாள். "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம், எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவைத்தார். "சரிங்க" என்றாள். அந்தச் சரிங்க மட்டும் எப்படியோ தெளிவாகக் கேட்டிருந்தது. என்ன கேட்டாள்? அனுப்பட்டுமா, சொல்லட்டுமா, கொடுத்துடட்டுமா, எதை வேண்டாம் என்றேன்?

"சார்! சார்!" என்று மேசை கூப்பிட்டது. எடுத்து வலது காதில், ஓரமாகப் பிடித்தார். "இருக்கறனுங்க சிஸ்டர். கொறைக்கறேன். ரெண்டு நிமிஷம்." கூட்டல் ஏழை அடித்து மூன்று போட்டார். யாருக்கும் தெரியப் போவதில்லை. இனிமேல் வலது காதில் வைத்துப் பார்த்து, சத்தத்தைச் சரிசெய்துவிட்டு, நாலரைக்குப் பஸ் ஏறிவிடலாம். லாட்ஜுக்கு ஒருநாள், மில்லுக்கு ஒருநாள், சர்வீஸ் என்று சொல்லிப் போய்க் குறைத்துவிட்டு வரலாம். இன்னும் நாலு வருஷம் ஓட்ட ஒரு காது போதும். விளக்குகள் வரும்வரை இந்தக் கணக்கு நன்றாகத்தான் ஓடியது. பிறகு, வலது காது சரியாகக் கேட்கிறது என்று யார் சொன்னது, என்ற இடத்தில் நின்றுவிட்டது. இடதும் சரியாகத்தான் கேட்டது, இன்று மதியம் வரை. ஒரு காதை எந்தக் காதால் சோதிப்பது? மறுபடி கூப்பிட்டார். "இப்ப பரவால்லீங்களா?" "முந்தியவிடத் தேவல சார். இருந்தாலும் சத்தந்தான்." அவருக்கு வலது காதில் அது அளவாக இருந்தது. அளவாக! "கொஞ்சம் சத்தமா இருந்தா நல்லதுதானுங்களே, மழை நாள்ல" என்று சொல்லிப் பார்த்தார். சிஸ்டர் ரிசீவரை மேசையில் வைத்தாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

"சார், நான் ஏன் கம்ப்ளைண்ட் எழுதிக் கொடுத்தேன்னு உங்ககிட்ட யாரும் சொல்லலையா? இங்க ரூம் ஒண்ணுதான். போனுக்கு நேரே பெஞ்சு. ரெண்டு வாரத்துக்கு முன்னால கீழ லேப்லருந்து போன் வந்துச்சு. ஏழாம் லைன் வீட்டுல ஒரு பொண்ணு, கல்யாணமாகி ஆறு வருஷம் கழிச்சு நின்ன கரு. ஸ்கேன் எடுத்துட்டு வந்து இங்கதான் உக்காந்திருந்தா. கொழந்தைக்கு இதயத் துடிப்பு இல்லன்னு ஸ்கேன் பாத்த டாக்டரம்மா எனக்குத்தான் சொல்றாங்க, காதுல ஒட்டித்தான் வெச்சிருக்கேன், ஆனா ரூம் பூராக் கேக்குது. நான் எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுட்டுத் திரும்பறேன், பெஞ்சுல இருந்த ஆறு பேரும் அவளைப் பாத்துட்டிருக்காங்க. ஒரு கிழவி 'அட கடவுளே'ன்னுட்டா. அந்தப் பொண்ணு எந்திரிச்சுப் போயிட்டா சார். மாத்திரை வாங்கக்கூட வரல. நான்தான் லைன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வரேன், கதவத் தொறந்து வாங்கிட்டு மூடிக்கறா. மொகத்தப் பாத்துப் பேசறதில்ல." சென்னியப்பனுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கேட்காமல் இருந்திருக்கலாம் என்றிருந்தது. ஐந்தாம் போர்ட், கூட்டல் ஐந்து. போன மாதம் வெயிலான ஒரு காலையில், டீயைக் குடித்துக்கொண்டே, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவர் ஏற்றிய ஐந்து. அவருக்கு அந்தப் பெண்ணின் முகம் தெரியாது. பெஞ்சு தெரியும், போனை மாட்டும்போது ஸ்க்ரூ டிரைவரை அந்தப் பெஞ்சில்தான் வைத்திருந்தார்.

"சிஸ்டர்," என்றார், "எனக்குக் காது கேக்கறதில்லீங்க." "இப்பத்தான் தெரிஞ்சுது. இப்ப, உங்க கூடப் பேசறப்போ. என் காதுக்குத் தக்கன வெச்சுட்டுப் போயிட்டனுங்க. அந்தப் பொண்ணுக்கு…" கோபப்படுவாள் என்று காத்திருந்தார். கோபப்பட்டால் நன்றாயிருக்கும் போலிருந்தது. "எந்தக் காது?" என்றாள். "எடது." "சீழு, வலி?" "இல்லீங்க." "தலை சுத்துதா? உள்ள இரைச்சல் ஏதாவது இருக்கா?" "இரைச்சல்… மழை பெய்யற மாதிரி ஒண்ணு இருக்குங்க. மழைன்னே நெனச்சனுங்க." "ஊர்லயுமா?" "ஊர்லயுந்தான்." அவள் எழுதிக்கொள்கிறாளோ என்று தோன்றியது. "அழுக்கு அடைச்சிருந்தாலும் இருக்கலாம், நரம்பா இருந்தாலும் இருக்கலாம். போன்ல சொல்ல முடியாது. நாளைக்கே காது டாக்டரப் பாருங்க, தள்ளிப் போடாதீங்க. வலது எப்படி?" "அதாங்க தெரியல. அது சரியாக் கேக்குதான்னு எதை வெச்சுப் பாக்கறதுங்க?" "என் காதை வெச்சுப் பாருங்க சார். எனக்கு நல்லாத்தான் கேக்குது. சொல்றேன், நீங்க வையுங்க."

அப்படித்தான் வைத்தார். பூஜ்யம் ஆக்கி, இரண்டு நிமிஷம் காத்திருந்து, கூப்பிட்டபோது, "கேக்குது, ஆனா ஓட்டுல மழை வலுத்தா கேக்காது" என்றாள். ஒன்று ஆக்கினார். மறுபடி இரண்டு நிமிஷம். "இருங்க இருங்க, பேசிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் பெஞ்சைப் பார்த்துக் குரல் கொடுத்தது கேட்டது: "மாரியக்கா, உங்களுக்கு ஏதாச்சும் கேக்குதா?" "என்னா கேக்குதா?" "போன்ல பேசறது." "யாரு பேசறா?" "சரி விடுங்க. சார், இதான். இதோட நிறுத்துங்க." கூட்டல் ஒன்று. அவருக்கு வலது காதில் அது கொஞ்சம் கம்மியாகவே இருந்தது. கொஞ்சந்தான். அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, தெரிந்துகொண்டார். மற்ற போர்ட்டுகளுக்கும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "எவ்வளவு வெக்கட்டும், நீங்களே சொல்லுங்க" என்று கேட்டே வைத்தார். செக்போஸ்ட் காவலாளி, இதுவரை அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை போல, ரொம்ப யோசித்துச் சொன்னார். தங்கதுரையிடம் நேரே போய், "நாந்தானுங்க கூட்டி வெச்சுட்டேன். எங் காது சரியில்ல. புகார்ல அப்படியே எழுதிக்குங்க" என்றார். தங்கதுரை பேனாவைப் பிடித்தபடி அவரை நிமிர்ந்து பார்த்தார், பிறகு எதுவும் எழுதாமல், "உக்காருங்க, டீ சொல்றேன்" என்றார். சென்னியப்பனுக்கு அது கேட்டது. எழுதாமல் விட்டதால் எதுவும் தீரவில்லை, முதலாளியிடம் தானேதான் சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்தது.

பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம். பின்னறைக்குத் திரும்பி, யாரிடமும் அனுமதிகூடக் கேட்காமல், ஆபீஸ் போனிலிருந்து பெங்களூர் நம்பரை அழுத்தினார். வலது காது. மூன்றாவது மணியில் எடுத்தாள். "யாருங்க?" என்றாள், அவ்வளவுதான், அந்த ஒரு சொல்லில் அவள் முழுசாக இருந்தாள், லேசான சளி, காலையிலிருந்து உட்காராத களைப்பு, தெரியாத நம்பர் என்ற பயம், எல்லாம். எட்டு மாதமாக இது ஒவ்வொரு நாளும் வந்து காதோரம் நின்றுவிட்டுப் போயிருக்கிறது. "நாந்தான் மரகதம்." "ஏனுங்க, என்னாச்சு? இதெந்த நம்பரு?" "ஒண்ணும் ஆகல. மலைல வேலை. போன மாசம் நீ என்னமோ கேட்டியே, நான் ஒண்ணும் வேண்டாம்னு சொன்னேன். என்ன கேட்ட?" "இப்ப எதுக்கு அது?" "சொல்லு." "வந்துரட்டுமான்னு கேட்டேன். இங்க ஆளு வெச்சுக்கட்டும், நான் நம்ம வீட்டுக்கே வந்துரட்டுமான்னு. நீங்கதான் எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்னீங்க. சரின்னு விட்டுட்டேன்." "எனக்குக் கேக்கல." "கேக்காமயா பதில் சொன்னீங்க?" "ஆமா." சொல்லிவிட்டு, காது விஷயத்தையும் சொன்னார், எண்ணியதை, டார்ச்சை, மாற்றிப் பிடித்ததை. பெஞ்சையும் அந்தப் பெண்ணையும் சொல்லவில்லை. அதை நேரில்தான் சொல்ல முடியும். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பின்னால் ஒரு குக்கர் விசில், எத்தனையாவதோ. "இப்ப ஒடனே வர முடியாதுங்க," என்றாள் கடைசியில். "பதினேழாந்தேதி பாப்பாவுக்கு ஊசி. யமுனாவுக்கு லீவு இல்ல. ஆளும் பாத்தாகணும்." "தெரியும்." "அதுக்கப்பறம் பாக்கலாம்." "ம்." வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை என்பதை அவர் கவனித்தார், சொல்லாததும் கேட்கத்தான் செய்தது. திடீரென்று அவளுக்கு ஏதோ உறைத்தது போல, குரலை உயர்த்தி, "நாளைக்கே டாக்டர்கிட்டப் போங்க! கேக்குதுங்களா? நாளைக்கே!" என்றாள். குழந்தை சிணுங்கியது.

"கத்தாத, முழிச்சுக்கப் போறா," என்றார் சென்னியப்பன். "நீ எப்பவும் போலப் பேசு. நான் காத மாத்தித்தான் புடிச்சிருக்கேன்."